விளக்கும் கணக்கும்

நம்மில் பெரும்பாலோர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை ஒரு படத்தின் வாயிலாகவே அறிவோம். நள்ளிரவு, வரிசை வரிசையாகக் காயம்பட்ட போர்வீரர்கள், கையில் விளக்கேந்தி நடந்துவரும் ஒரு மெல்லிய உருவம். (படம் வரைவோர் அவர் கையில் அலாவுதீன் கதையில் வரும் விளக்கைப் போன்ற ஒன்றைக் கொடுத்துவிடுகின்றனர். அவர் ஏந்தியதோ, துருக்கியர் வழக்கில் இருந்த, மடித்து வைக்கக்கூடிய கூண்டு விளக்கு.) அந்த விளக்குடன் அவர் போர்க்கால மருத்துவமனையில் பணிபுரிந்தது இரண்டாண்டுக்கும் குறைவான காலமே. நாடு திரும்பிய பின் அவர் இன்னும் 54 ஆண்டுகள் வாழ்ந்தார். அவ்வாண்டுகளில் என்ன செய்தார் என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை தெரியாது. எனக்கும் தெரியாதிருந்தது. புள்ளியியல் வகுப்பில் வரைபடங்களைப் பற்றிப் பாடம் நடந்தபோது எங்கள் பேராசிரியர் அம்மையாரின் பெயரைச் சொன்னார். செவிலியருக்கும் நம் பாடத்துக்கும் என்ன தொடர்பு என்று வியந்தே அவர் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் இத்தாலியிலுள்ள ஃபிளாரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். செல்வக் குடும்பத்தினரான பெற்றோர் நீண்ட சுற்றுலாவில் இருந்த காலம் அது. பிறந்த ஊரின் பெயரையே குழந்தைக்குச் சூட்டினர். நேப்பிள்ஸில் பிறந்த மூத்த மகளுக்கு அந்நகரின் பழங் கிரேக்கப் பெயரான பார்த்தினோப் என்பதை வைத்தவர்கள் அவர்கள். இளையவர் தப்பித்துக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். தந்தையார் கல்வியில் பற்றுடையவர். மகளிர் இருவருக்கும் கிரேக்கம், இலத்தீன், வரலாறு, தத்துவம் ஆகியவற்றைத் தாமே கற்பித்தார். இளையவளுக்கோ கணக்கின் மீது தணியாத ஆவல். கணிதம் படிக்க வேண்டும் என்று அவள் கேட்டபோது, பெண்ணுக்கு அது எதற்கு என்று வீட்டில் தயங்கினர். இந்த வினா இங்கிலாந்துச் சீமான் வீட்டிலும் எழுந்தது என்பதில் நம் வகுப்பு மாணவியர்க்குச் சிறிது ஆறுதல் உண்டு.

1837இல், பதினாறு வயதில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைத்ததாக அவர் உணர்ந்தார். அந்தத் தொண்டு நோயாளரைப் பேணுவதே என்பது சில ஆண்டுகளில் அவருக்குத் தெளிவாயிற்று. குடும்பத்தார் துடித்துப்போயினர். அக்காலத்து மருத்துவமனைச் செவிலியர் என்றாலே குடியும் ஒழுக்கக்கேடும்தான் மக்கள் நினைவுக்கு வரும். நல்ல இடத்துத் திருமணம் வந்தது, அம்மையார் மறுத்தார். விடியற்காலையில் எழுந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில், அரசாங்க மருத்துவ அறிக்கைகளையும் மருத்துவமனைப் புள்ளிவிவரங்களையும் படித்துக் குறிப்பெடுத்து வந்தார். 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்னுமிடத்தில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853இல் இலண்டனில் நோயுற்ற சீமாட்டிகளுக்கான சிறு மருத்துவ இல்லமொன்றின் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 33.

மறு ஆண்டே பிரிட்டன் கிரிமியப் போரில் இறங்கியது. காயமுற்ற பிரிட்டிஷ் வீரர்கள் கவனிப்பாரற்று மடிவதைப் பத்திரிகைகள் எழுதின. போர்த்துறைச் செயலாளரான சிட்னி ஹெர்பர்ட் அம்மையாரின் நண்பர். அவர் வேண்டுகோளின்படி 38 செவிலியருடன் புறப்பட்டு, 1854 நவம்பர் 4ஆம் நாள் அம்மையார் ஸ்குட்டாரி வந்து சேர்ந்தார். இன்றைய இஸ்தான்புல் நகரின் ஆசியக் கரையிலுள்ள ஊர் அது. துருக்கியரின் பெரும் படைவீடொன்றை மருத்துவமனையாக்கியிருந்தனர். கிரிமியாவிலிருந்து கருங்கடலைக் கடந்து கப்பல் கப்பலாக நோயாளர் வந்திறங்கினர்.

அங்கே அவர் செய்தவை யாவரும் அறிந்தவை. சட்டைகள் வாங்கினார், துணி வெளுக்க ஏற்பாடு செய்தார், சமையற்கூடத்தைச் சீர்படுத்தினார், இறந்தவர் வீட்டுக்குக் கடிதம் எழுதினார். யாவரும் அறியாத ஒன்று அந்த மருத்துவமனையின் பதிவேடுகளின் கதை. இறந்தோரைக் குறிக்க அங்கே மூன்று தனித்தனிக் கணக்குகள் இருந்தன. மருத்துவர் வைத்திருந்த கணக்கு ஒன்று. அலுவலகக் கணக்கு ஒன்று. புதைத்தவர்களின் கணக்கு ஒன்று. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை! உயிரோடு இருப்பவனை எண்ணுவதில் தவறு நேரலாம். குழியில் இட்டவனை எண்ணுவதில் எப்படித் தவறு நேரும்? ஒரு மருத்துவமனையில் எத்தனை பேர் இறந்தனர் என்பதை அந்த மருத்துவமனையே அறியாதிருந்தது என்ற செய்தி, குளிரையும் பேனையும் காட்டிலும் அம்மையாரை உறுத்தியதாகத் தோன்றுகிறது.

அந்த முதற்குளிர்காலம் கொடியது. 1855 ஜனவரி ஒரு மாதத்தில் மட்டும் கீழைப் படையில் காயத்தால் இறந்தவர் 83 பேர். காலரா, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் முதலிய தவிர்க்கக்கூடிய நோய்களால் இறந்தவர் 2,761 பேர். படையின் அன்றைய மொத்த எண்ணிக்கையே ஏறத்தாழ 32,000தான். எதிரியின் குண்டு ஒருவனைக் கொன்றால், நோய் முப்பது பேரைக் கொன்றது. பிப்ரவரியில் ஸ்குட்டாரியில் மருத்துவம் பெற்றவர்களில் நூற்றுக்கு 42.7 பேர் இறந்தனர். செவிலியர் வந்து மூன்று மாதம் கழிந்த பின்னர் இந்நிலை என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல உணவும், தூய படுக்கையும், கனிந்த கவனிப்பும் வந்த பின்னரும் சாவு ஏறிக்கொண்டே போயிற்று.

மார்ச் மாதத் தொடக்கத்தில் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு வந்திறங்கியது. டாக்டர் ஜான் சதர்லண்டும் பொறியாளர் ராபர்ட் ராலின்சனும் அதன் முதன்மையானவர்கள். அவர்கள் கட்டிலில் கிடந்தவர்களைப் பார்ப்பதற்கு முன் கட்டடத்தின் அடியைப் பார்த்தனர். அந்த மாபெரும் கட்டடம் அடைபட்ட சாக்கடைகளின் மேல் நின்றுகொண்டிருந்தது. குடிநீர் வரும் வழியில் செத்த குதிரை கிடந்தது. நூற்றுக்கணக்கான கைவண்டிக் குப்பையை அகற்றினர். சாக்கடைகளை நீர்பாய்ச்சிக் கழுவினர். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர். காற்று வர வழி செய்தனர். ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு 2.2 ஆகக் குறைந்தது.

போர் முடிந்து, 1856 ஆகஸ்டில் அம்மையார் ஆரவாரமின்றி வீடு திரும்பினார். நாடே அவரைத் தேவதையாகக் கொண்டாடியது. அவரோ அறைக்குள் அடைந்து, வில்லியம் ஃபார் என்னும் புள்ளியியல் அறிஞருடன் சேர்ந்து இறந்தோர் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டார். ஃபார் இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவுத்துறையில் பணியாற்றியவர், எண்களில் ஊறியவர். இருவரும் மருத்துவமனை வாரியாகக் கணக்கிட்டபோது அதிர்ச்சி தரும் உண்மையொன்று வெளிப்பட்டது. போர்முனையருகே கூடாரங்களிலும் குடிசைகளிலும் கிடந்த நோயாளரைவிட, கடல் கடந்து ஸ்குட்டாரிக்குக் கொண்டுவரப்பட்டவர்களே கூடுதல் வீதத்தில் மாண்டிருந்தனர்.

வீரர்கள் பட்டினியாலும் களைப்பாலும் சாகும் நிலையிலேயே வந்துசேர்ந்தனர், அதனால்தான் காப்பாற்ற இயலவில்லை என்று ஸ்குட்டாரியில் இருந்தவரை அம்மையாரும் நம்பியிருந்தார். எண்கள் வேறு கதை சொல்லின. வந்தவர்களில் பலரைக் கொன்றது அந்தக் கட்டடமே. அந்தக் கட்டடத்தில்தான் அவர் விளக்கேந்தி நடந்தார். இதனை உணர்ந்தபோது அவர் மனம் பட்ட பாட்டைப் பற்றி வரலாற்றாசிரியர் ஒருமித்த கருத்துடையவர் அல்லர். 1857இல் அவர் உடல் குலைந்து படுக்கையில் வீழ்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பர் சிலர். கிரிமியாவில் பற்றிய காய்ச்சலின் தொடர்ச்சியே என்பர் வேறு சிலர். என் கருத்தில் அவர் வாழ்வின் பெருமை இதற்கடுத்து அவர் செய்ததில் இருக்கிறது. அந்தக் கணக்கை மறைத்திருந்தால் அவர் புகழுக்கு ஒரு குறையும் வந்திராது. அரசாங்கமும் மறைக்கவே விரும்பியது. அவரோ அதனை அச்சிட்டார். 1858இல் உருவான அவரது நீண்ட அறிக்கை வெளியிடப்படாமல் தனிச்சுற்றில் இருந்தபோது, தாமே பலருக்கு அனுப்பிவைத்தார். ஹாரியட் மார்ட்டினோ என்ற எழுத்தாளர் அதனைக் கொண்டு 1859இல் பொதுமக்களுக்கான நூலொன்றே எழுதினார்.

எண்களின் பட்டியலை அமைச்சர்கள் படிக்கமாட்டார்கள் என்பதை அம்மையார் அறிந்திருந்தார். ஆகவே ஒரு வட்டத்தைப் பன்னிரண்டு மாதங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மாதத்து இறப்பையும் ஓர் ஆப்பின் பரப்பளவாக வரைந்தார். நோயால் இறந்தோர் நீலம். காயத்தால் இறந்தோர் சிவப்பு. பிற காரணங்கள் கறுப்பு. பார்த்தவுடன் நீலம் பூதாகரமாக விரிந்து கண்ணில் அறையும். எங்கள் பேராசிரியர் வகுப்பில் காட்டியது இந்தப் படத்தைத்தான். 1858இல் இலண்டன் புள்ளியியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்பேறு பெற்ற முதற்பெண் அவரே.

படைவீரர் மருத்துவமனைகளோடு அவர் நின்றுவிடவில்லை. ஊர்தோறும் உள்ள மருத்துவமனைகள் எப்படி இயங்குகின்றன என்று கேட்டார். நோயாளர் குணமடைகின்றனரா, எத்தனை நாளில் குணமடைகின்றனர், எத்தனை பேர் இறக்கின்றனர் என்ற வினாக்களுக்கு எந்த இரண்டு மருத்துவமனைகளும் ஒரே முறையில் விடை வைத்திருக்கவில்லை. ஒரே நோய்க்கு ஊருக்கு ஒரு பெயர். 1860இல் இலண்டனில் கூடிய அனைத்துலகப் புள்ளியியல் மாநாட்டில், எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவான படிவமொன்றை அம்மையார் முன்வைத்தார். ஆண்டின் முதல் நாள் எத்தனை நோயாளர் இருந்தனர், ஆண்டில் எத்தனை பேர் சேர்ந்தனர், குணமடைந்தோர் எத்தனை, குணமடையாமல் அனுப்பப்பட்டோர் எத்தனை, தம் விருப்பப்படி வெளியேறியோர் எத்தனை, இறந்தோர் எத்தனை, ஆண்டிறுதியில் எஞ்சியோர் எத்தனை, ஒருவர் சராசரியாகத் தங்கிய நாள்கள் எத்தனை. இவையெல்லாம் நோய்வாரியாக, வயதுவாரியாக, ஆண் பெண் வாரியாக.

இப்படிவத்தைப் படித்தபோது, தம் விருப்பப்படி வெளியேறியோர் என்ற கட்டத்தில் என் கண் நின்றுவிட்டது. என் பாட்டி ஓர் அரசு மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் கிடந்தார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றனர். சாகும் உயிர் சொந்தத் திண்ணையில் போகட்டும் என்று என் தந்தையார் எழுதிக் கையொப்பமிட்டு அழைத்து வந்தார். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பாட்டி கண்மூடினார். அம்மருத்துவமனையின் இறப்புக் கணக்கில் அவர் இல்லை. இப்படி வீடு வந்து சேர்ந்த பாட்டிமார் நம் ஊர்களில் எத்தனையோ பேர். இங்கிலாந்தில் இருந்துகொண்டு, 160 ஆண்டுகளுக்கு முன், அவர்களுக்கென ஒரு கட்டத்தை அம்மையார் போட்டு வைத்திருக்கிறார்.

இலண்டனின் பெரிய மருத்துவமனைகள் சில இப்படிவத்தை ஏற்றுச் சில காலம் கணக்கு வெளியிட்டன. பின்னர் வேலைப்பளு அதிகம் என்றும் நோய்களைப் பிரித்த முறை சரியன்று என்றும் கைவிட்டன. மூன்று பதிவேடுகளில் மூன்று கணக்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரே கணக்கு பளுவாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

அம்மையார் தவறே செய்யாதவர் என்று சொல்லிவிட முடியாது. 1863இல் வெளிவந்த மருத்துவமனைகள் பற்றிய நூலின் மூன்றாம் பதிப்பில் ஃபார் தயாரித்த பட்டியலொன்றைச் சேர்த்தார். அதன்படி இலண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு நூற்றுக்கு 90.84! சிற்றூர் மருத்துவமனைகளிலோ நூற்றுக்கு 40 அளவே. மருத்துவர்கள் கொதித்தெழுந்தனர். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. ஃபார், ஆண்டு முழுவதும் இறந்தவர்களின் தொகையை, 1861 ஏப்ரல் 8ஆம் நாள் ஒரே ஒரு நாளில் மருத்துவமனையில் இருந்தவர்களின் தொகையால் வகுத்திருந்தார். ஒரு படுக்கையில் ஓராண்டில் பத்துப் பேர் அடுத்தடுத்துப் படுத்து, ஒன்பது பேர் நலம் பெற்று ஒருவர் இறந்தால், நம் கணக்கில் இறப்பு நூற்றுக்குப் பத்து; ஃபாரின் கணக்கில் நூற்றுக்கு நூறு. நோயாளரை விரைவில் குணப்படுத்தி அனுப்பும் மருத்துவமனையே இம்முறையில் மோசமானதாகத் தெரியும். பட்டியலின் மறுகோடியில் நூற்றுக்கு 13 அளவில் நின்றவை மார்கேட் என்னும் கடற்கரை ஊரின் மருத்துவமனைகள். நாட்பட்ட நோயாளர் மாதக்கணக்கில் தங்கிக் கடற்காற்று வாங்கும் இடங்கள் அவை.

மேலும், கொடிய விபத்துக்குள்ளானவனையும் முற்றிய நோயாளியையும் பெரிய மருத்துவமனைக்கே கொண்டு செல்வர். பிரிஸ்டோ, ஹோம்ஸ் என்ற இரு மருத்துவர்கள் நாடெங்கும் சுற்றி அரசுக்கு அளித்த அறிக்கையில் இதனை எடுத்துக்காட்டினர். நம் மாவட்டங்களிலும் இதனைக் காணலாம். வட்ட மருத்துவமனையில் நிலை மோசமானால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புவர்; அங்கே இயலாவிட்டால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. ஆம்புலன்ஸிலிருந்து இறக்கிய அரை மணியில் உயிர் போனாலும் சாவு கடைசி இடத்தின் ஏட்டில்தான் ஏறும். இதனைக் கணக்கில் கொள்ளாமல், இந்த மருத்துவமனையில் சாவு அதிகம், அந்த மருத்துவமனையில் குறைவு என்று பேசுவது, தேர்வில் தோற்ற மாணவரையெல்லாம் ஒரே கல்லூரியில் சேர்த்துவிட்டு அக்கல்லூரியின் தேர்ச்சி வீதத்தைக் குறை கூறுவதற்கு ஒப்பாகும். தீவிர நிலையில் வந்தவர் எத்தனை பேர், எந்நோய், எவ்வயது, எத்தனை மணி நேரம் தாமதித்து வந்தனர் என்றெல்லாம் பிரித்தறிந்த பின்னரே ஒப்பிட வேண்டும். அம்மையார் தம் படிவத்தில் கேட்ட வயதும் நோயும் அவர் வெளியிட்ட பட்டியலிலேயே இல்லாமற் போனதுதான் வேடிக்கை.

ஆயினும், தம் பொறுப்பிலிருந்த இடத்தை எண்ணத் தயங்காத அவர் குணம் மாறவில்லை. அவருக்கு மக்கள் திரட்டித் தந்த நிதியைக் கொண்டு 1860இல் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பள்ளி தொடங்கியது உலகறிந்தது. அதே நிதியின் துணையால் இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பிரசவப் பகுதியொன்றும், மருத்துவச்சிகளுக்கான பயிற்சியும் நடந்தன. அப்பகுதியில் தாய்மார் பிரசவக் காய்ச்சலால் இறந்தனர். ஆயிரம் பிரசவத்துக்கு முப்பதுக்கும் மேற்பட்டோர். இங்கிலாந்து முழுமைக்கும் இவ்வீதம் ஆயிரத்துக்கு ஐந்து அளவில் இருந்த காலம் அது. அப்பகுதி மூடப்பட்டது. மூடியதோடு விட்டுவிடாமல், பல நாட்டுப் பிரசவ மருத்துவமனைகளின் கணக்குகளைச் சில ஆண்டுகள் திரட்டி, 1871இல் ஒரு நூலாக வெளியிட்டார். ஏழையின் குடிசையில் நடக்கும் பிரசவம் மருத்துவமனைப் பிரசவத்தைவிடப் பாதுகாப்பாக இருக்கிறது என்பதே அந்நூல் காட்டிய முடிவு. தாம் உருவாக்கிய ஒன்றைப் பற்றி இப்படி எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்? இன்று நம் மாநிலத்தில் மகப்பேற்றில் ஒரு தாய் இறந்தால் எங்கே தாமதம், எவ்விடத்தில் தவறு என்று மாவட்ட அளவில் ஆய்கிறார்கள். ஆட்சியர் முன்னிலையில் குடும்பத்தினரும் அழைக்கப்படுகின்றனர். மருத்துவமனைப் பிரசவமே பாதுகாப்பானது என்ற நிலை இன்று வந்துவிட்டது. அந்நிலை வந்ததற்குக் கிருமி பற்றிய அறிவோடு இத்தகைய எண்ணிக்கையும் ஒரு காரணம்.

அம்மையார் இந்தியாவுக்கு வந்ததில்லை. ஆனால் படுக்கையிலிருந்தபடியே நம் நாட்டைப் பற்றி அவர் அறிந்த அளவு இங்கிருந்த அதிகாரிகள் பலர் அறியார். 1859இல் இந்தியப் படையின் சுகாதாரம் பற்றிய அரச ஆணைக்குழு அமைந்தது. ஒவ்வொரு படைநிலையத்துக்கும் அவர் வினாத்தாள் தயாரித்து அனுப்பினார். குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, மருத்துவமனையில் ஒருவருக்கு எவ்வளவு இடம் என்ற வகையான வினாக்கள். விடைத்தாள்கள் மூட்டை மூட்டையாக அவர் வீட்டுக்கு வந்து குவிந்தன. 1863இல் வெளிவந்த அறிக்கை, இந்தியாவில் பிரிட்டிஷ் வீரர்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் மடிவதை உலகுக்குச் சொன்னது. படைவீட்டை மட்டும் தூய்மை செய்து பயனில்லை, சுற்றியுள்ள ஊரும் மக்களும் நலமாக இருந்தாலன்றி வீரனும் பிழைக்கமாட்டான் என்பது அவ்விடைகளிலிருந்து அவர் கண்ட முடிவு. 1864இல் சென்னை, வங்கம், பம்பாய் மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. 1873இல் வீரர்களின் இறப்பு ஆயிரத்துக்கு 18 ஆகக் குறைந்திருந்ததை அம்மையாரே எழுதினார். ஊர் மக்களின் சாவு அந்த வேகத்தில் குறையவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, கிரிமியப் போர்க்காலத்தில் கான்ஸ்டான்டினோப்பிள் தூதரகத்தில் இருந்தவர். அம்மையாரை அப்போதே அறிந்தவர். நேப்பியர் பாலம் வழியே செல்லும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 1876-78 பஞ்சத்தில் தென்னிந்தியா இலட்சக்கணக்கானோரைப் பலிகொடுத்தபோது, அம்மையார் நீர்ப்பாசனத்தின் பக்கம் திரும்பினார். கொள்ளிடத்தில் அணை கட்டிய ஆர்தர் காட்டனின் கட்சியில் நின்று எழுதினார். வயலில் நீரில்லாத ஊரில் மருத்துவமனை என்ன செய்ய முடியும் என்ற எண்ணத்துக்கு அவர் வந்துவிட்டிருந்தார்.

முதுமையில் கண்பார்வை மங்கியது, நினைவும் தளர்ந்தது. வாழ்நாளெல்லாம் அறிக்கைகளைப் படித்த கண்கள் எழுத்தைக் காண இயலாதவை ஆயின. 1907இல் பேரரசின் உயரிய விருதான ஆர்டர் ஆஃப் மெரிட் பட்டம் பெண்களில் முதன்முதலாக அவருக்கு வழங்கப்பட்டபோது, தமக்கு என்ன தரப்படுகிறது என்பதை அவர் முழுமையாக உணர்ந்திருப்பாரா என்பது ஐயமே. 1910 ஆகஸ்ட் 13ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில், உறக்கத்திலேயே காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்ய நாடு முன்வந்தது, உறவினர் மறுத்துவிட்டனர். ஹாம்ப்ஷயரில் ஈஸ்ட் வெல்லோ என்னும் சிற்றூர்த் தேவாலயத்தில், பெற்றோர் அருகே அவர் துயில்கிறார். கல்லறைக் கல்லில் பெயர்கூட முழுமையாக இல்லை. பெயரின் முதலெழுத்துகள் இரண்டும், பிறந்த நாளும், இறந்த நாளும் மட்டும் இருக்கின்றன.